சொட்டு நீலமும் கரியமில வாயுவும்



மறையுரை ஆற்றுபவனுக்கு ஒரு வசதி உண்டு. அவன் பேசும்போது எவரும் குறுக்கே எழுந்து கேள்வி கேட்பதில்லை. அந்த வசதியே அவனைப் பள்ளத்தில் தள்ளுவதும் உண்டு. இருபத்தைந்து ஆண்டுக் குருத்துவ வாழ்வில் நாம் பலமுறை அப்படி விழுந்திருக்கிறோம். ஆயினும் செஞ்சியில் பிடிபட்டதுபோல் வேறெங்கும் பிடிபட்டதில்லை.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் நகர மனமின்றி மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. நமக்குக் கிழக்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி கரைபுரண்டு ஓடிற்று. விடிந்தால் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. திருப்பலிக்கு வந்தவர்கள் பதினேழு பேர். அன்று வாசிக்க வேண்டிய நற்செய்தியோ லூக்கா 21-ஆம் அதிகாரம். கதிரவனிலும் நிலாவிலும் தோன்றும் அடையாளங்களையும், கடலின் முழக்கம் கேட்டுக் கலங்கும் மக்களையும் பற்றியது. கூரையில் மழை அறையும் ஓசைக்கு நடுவே அதை வாசித்து முடிப்பதற்குள் நமக்கு நா தழுதழுத்துவிட்டது. அன்று மாலையே திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகளின் மேல் இறங்கி எழுவரின் உயிரைக் கொண்டுபோயிற்று.

அடுத்த ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. நெல் மூட்டை நனைந்தவர், மண் சுவர் கரைந்தவர், கறவை மாட்டை வெள்ளத்தில் விட்டவர் என எல்லாரும் வந்திருந்தார்கள். “எங்கள் பாவத்துக்குத் தண்டனையா, சாமி?” என்று வாரம் முழுவதும் நம்மைக் கேட்டவர்கள் பலர். அந்தக் கேள்வியை அடியோடு அறுத்தெறிய வேண்டும் என்ற வேகத்தில் நாம் முழங்கினோம்: “இந்தப் புயலை அனுப்பியவர் கடவுள் அல்லர், மனிதன் எரித்த கரியிலிருந்து எழும்பிய கரியமில வாயுவே அனுப்பியது!”

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது இருவர் நமக்காகக் காத்திருந்தனர். ஒருவர், அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். “சாமி, ஒரு புயலுக்கு ஒரு வாயுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். சாட்சி விசாரித்தீர்களா?” என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. மற்றவர் முதியவர், விவசாயி. அவருடைய மகன் நெய்வேலி அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கிறான். அவர் தலையைச் சொறிந்துகொண்டு மெல்லக் கேட்டார்: “என் மகன் எரிக்கிற கரியிலதான் சாமி, நம்ம கோயில் விளக்கும் எரியுது. அப்படின்னா புயலை அனுப்பினது அவனா?”

இரண்டுக்கும் நம்மிடம் அப்போது விடை இல்லை. ஆசிரியர் மறுநாள் மாலை ஒரு கட்டுத் தாள்களோடு அறைவீட்டுக்கு வந்தார். கரியமில வாயுவின் மேல் சாட்டப்படும் குற்றத்தை ஐயுறுவோர் உலகெங்கும் என்னென்ன சொல்கிறார்களோ அவற்றையெல்லாம் அவர் சேர்த்து வைத்திருந்தார். நாம் அவற்றை வாசித்தோம். அவற்றுக்கு மறுமொழி சொன்னவர்களையும் வாசித்தோம். அதற்கு ஒரு தவக்காலம் முழுவதும் ஆயிற்று. இவ்விதழில் அதை எழுதுவது ஏனெனில், நம் குடும்பங்களில் கல்லூரி செல்லும் பிள்ளைகள் இதே ஐயங்களைக் கைபேசியில் நாள்தோறும் கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய பெற்றோர் விழிக்கிறார்கள்.

அவருடைய முதல் ஐயம் மிக எளியது. காற்றில் பத்தாயிரம் பங்கில் கரியமில வாயு நான்கே பங்கு. அவ்வளவு அற்பமான ஒன்று பூமியையே சூடாக்குமா?

இதற்கு விடை நமக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. கோயில் கிணற்றடியில் கிடைத்தது. கோயிற்பிள்ளையின் மனைவி பீட விரிப்புகளைத் துவைத்து, ஒரு வாளித் தண்ணீரில் நாலே நாலு சொட்டு நீலம் விட்டு அலசிக்கொண்டிருந்தார். வாளி முழுவதும் நீலமாகிவிட்டது. தண்ணீரின் அளவோடு ஒப்பிட்டால் அந்தச் சாயம் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒளியைத் தடுக்கும் வேலையைத் தண்ணீர் செய்யவில்லை, சாயம் செய்கிறது. காற்றிலும் அவ்வாறே. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் மிகுதியாக இருந்தும், பூமியிலிருந்து எழும் வெப்பக் கதிர்களுக்கு அவை தெளிந்த தண்ணீர் போன்றவை. நீராவியும் கரியமில வாயுவுமே சாயம். 1856-இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு அடைத்த குழாய் மற்றவற்றைவிட மிகச் சூடேறியது. 1859-இல் இலண்டனில் ஜான் டிண்டால், வெப்பக் கதிர்களை இவ்வாயு உறிஞ்சுவதை நுட்பமாக அளந்து காட்டினார். இதை அரசியல்வாதிகள் நேற்று கட்டிவிட்ட கதை என்பார், ஆண்டைக் கவனிக்க வேண்டும்.

செஞ்சியில் வாழ்பவருக்கு இது அனுபவத்திலேயே தெரியும். ராஜகிரிப் பாறை (2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான பிறகு வழி கேட்டு அறைவீட்டுக் கதவைத் தட்டுவோர் பெருகிவிட்டனர்) பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அதை வெளியே விடுகிறது. வானம் தெளிந்த மார்கழி இரவில் அந்தச் சூடு மேலே ஓடிவிடும். விடியலில் புல்லெல்லாம் பனி. மேகம் மூடிய இரவிலோ அதே ஊரில் புழுக்கம். வெயில் உள்ளே வருவதற்கு ஒரு வழி, சூடு வெளியே போவதற்கு வேறொரு வழி. இரண்டாவது வழியை மேகம் மறிக்கிறது. கரியமில வாயுவும் அதே வழியைத்தான் மறிக்கிறது. ஒரு வேறுபாடு, மேகம் காலையில் கலைந்துவிடும்; இவ்வாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் கடந்தும் வானில் தங்கியிருக்கும்.

இவ்வாயு பெருகுவது மனிதனாலா, எரிமலையாலா என்பது அடுத்த ஐயம். இதற்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. 1958-இல் சார்லஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவின் மௌனலோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு இருந்தது. 2024-இல் 424 பங்குக்கு மேல். இயந்திரத் தொழில் தோன்றுமுன் ஏறத்தாழ 280. உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் சிறிதளவு உண்டு. பல கோடி ஆண்டுகள் மண்ணில் புதைந்த கரியிலோ அது முற்றிலும் தேய்ந்து போயிருக்கும். காற்றில் புதிதாகச் சேரும் வாயு, கார்பன்-14 இல்லாத பழங்கரியின் அடையாளத்தைத் தாங்கி வருகிறது. எரிமலைகள் ஆண்டுதோறும் விடுவது மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

மூன்றாவது ஐயம் கொஞ்சம் கூரியது. அண்டார்க்டிகாவின் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்ட பழங்காற்றை ஆராய்ந்ததில், பனியுகங்கள் முடிந்த காலங்களில் அங்கே முதலில் வெப்பம் ஏறத் தொடங்கி, பின்னரே கரியமில வாயு ஏறியதாகத் தெரிந்தது. “மகன் பிறந்த பின் தந்தை பிறந்தாரா, சாமி?” என்று சிரித்தார் ஆசிரியர். உண்மையில் பழங்காலத்தில் வண்டியை முதலில் தள்ளியது பூமியின் சுற்றுப்பாதையில் ஏற்பட்ட சிறு மாறுதல். கடல் சற்றே சூடாக, அதில் கரைந்திருந்த வாயு வெளியேறிற்று. வெளியேறிய வாயு மேலும் சூடாக்கிற்று. தள்ளியவர் ஒருவர், பிறகு இழுத்த மாடு வேறு. அந்த மாட்டின் வலிமை இல்லாமல் பனியுகத்தின் முடிவைக் கணக்கிட்டு விளக்க இயலவில்லை. இப்போது நாமே மாட்டைப் பூட்டி விரட்டுகிறோம், அதுதான் வேறுபாடு. அந்தப் பனிக்கட்டி எட்டு லட்சம் ஆண்டுகளின் காற்றைக் காத்து வைத்திருக்கிறது. அவ்வளவு காலத்திலும் இவ்வாயு 300 பங்கை எட்டியதற்குச் சான்று இல்லை.

கட்டின் அடியில் இருந்த கடைசித் தாள்தான் நம்மைத் தூங்கவிடவில்லை. ஏனெனில் அதை எழுதியவர் வழிப்போக்கர் அல்லர், யு. ஆர். ராவ். உடுப்பியை அடுத்த அதமாறு என்னும் சிற்றூரில் 1932-இல் பிறந்தவர். விக்ரம் சாராபாயிடம் அண்டக் கதிர்களை ஆராய்ந்தவர். 1975-இல் ஆரியபட்டா விண்கலம் உருவாகத் தலைமை தாங்கியவர். 1984 முதல் 1994 வரை நம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர். அப்படிப்பட்டவர் 2011 ஜனவரியில் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் எழுதினார்: வானின் ஆழத்திலிருந்து பூமியின் மேல் பொழியும் அண்டக் கதிர்கள் கடந்த 150 ஆண்டுகளில் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்துள்ளன, அக்கதிர்கள் மேகம் உருவாக உதவுவதால், அவை குறையத் தாழ்மேகமும் குறையும், மேகம் குறைய வெயில் கூடுதலாக உள்ளே வரும். இதனால் ஏறும் வெப்பத்தைச் சதுர மீட்டருக்கு 1.1 வாட் என்று அவர் கணக்கிட்டார். கரியமில வாயுவுக்கு ஐ.நா. அறிவியல் குழு 2007-இல் சொன்ன அளவு 1.66 வாட். அப்படியானால் கரியமில வாயுவின் பங்கை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் அதை விவாதத்துக்கு முன்வைத்தார்.

அந்தக் காலச் சூழலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இமயப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று அதே ஐ.நா. குழு 2007-இல் எழுதியிருந்தது தவறு என 2010 தொடக்கத்தில் அக்குழுவே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒரு வரிதான். ஆயினும் ஒரு வரி பொய்த்தால் மற்ற வரிகளையும் ஐயுறுவது மனித இயல்பு. நம் மறையுரைக்கும் அதுதானே நேர்ந்தது!

ராவ் அவர்களின் ஐயத்தை எவரும் குப்பையில் எறியவில்லை என்பதே நமக்கு ஆறுதலாக இருந்தது. அது சோதிக்கப்பட்டது. ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் 2009 முதல் ஒரு பெரிய உருக்குக் கலத்துக்குள் காற்றை அடைத்து, அண்டக் கதிர்களைப் போன்ற கற்றையை அதில் செலுத்தி, மேகத்தின் விதைத் துகள்கள் எவ்வளவு பிறக்கின்றன என்று பார்த்தார்கள். கதிர்கள் துகள்களைப் பிறப்பிக்கத்தான் செய்தன. ஆகவே ராவ் அவர்களின் எண்ணம் வெறுங்கற்பனை அன்று. ஆனால் கதிர்களின் ஏற்றத்தாழ்வால் மேகத்தில் ஏற்படும் மாறுதல், இன்றைய வெப்ப ஏற்றத்தை விளக்கப் போதாத அளவுக்குச் சிறியது என்று தெரிந்தது. வானமே இன்னொரு சோதனையையும் நடத்திக் காட்டிற்று. 2009-இல் கதிரவன் வழக்கத்தைவிட ஓய்ந்திருந்ததால், விண்வெளி யுகம் பிறந்த நாளிலிருந்து அதுவரை காணாத அளவுக்கு அண்டக் கதிர்கள் மிகுந்தன. மேகம் மிகுந்து பூமி குளிர்ந்திருக்க வேண்டும். மறுஆண்டான 2010, அதுவரை அளந்தவற்றில் மிக வெப்பமான ஆண்டுகளுள் ஒன்றாயிற்று. 2024-ஆம் ஆண்டோ எல்லாவற்றையும் மிஞ்சி, தொழில் யுகத்துக்கு முந்திய அளவைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி கூடுதலாக நின்றது.

இன்னொரு சாட்சி நமக்கு மிகவும் பிடித்தது. கதிரவனே காரணமானால் கீழ்க்காற்றும் மேல்காற்றும் சேர்ந்தே சூடாக வேண்டும். அடுப்பின் அனல் கூடினால் வீடு முழுவதும் சூடாவதுபோல. கரியமில வாயு காரணமானால், வெப்பம் கீழே தங்க, அடுக்கு மண்டலம் எனப்படும் மேல்காற்று குளிர வேண்டும். இதை ஸ்யுகுரோ மனாபே என்ற ஜப்பானியர் 1967-இலேயே கணக்கிட்டுச் சொன்னார். பின்னர் பலூன்களும் செயற்கைக் கோள்களும் அளந்தன. மேல்காற்று குளிர்ந்தே வருகிறது. 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ராவ் 2017-இல் மறைந்தார். அவர் கணக்கு நிலைக்கவில்லை. அதனால் அவர் பெருமை குறையவுமில்லை. தம் பெயருக்கு இழுக்கு வருமே என்று அஞ்சாமல், எண்களோடு ஐயத்தை எழுப்பி, எண்களாலேயே சோதிக்கப்பட இடங்கொடுத்தார். ஒரு எண்ணும் இன்றி ‘எல்லாம் புரளி’ என்று திண்ணையில் உரைப்போரை அவரோடு ஒரே வரிசையில் உட்கார வைப்பது அவருக்குச் செய்யும் அவமதிப்பு.

சரி, கரியமில வாயு மட்டும்தான் குற்றவாளியா? இல்லை. இதைச் சொன்னவரும் நம்மவரே; சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். படித்து முடித்துச் செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பெட்டியிலிருந்து கசியும் குளிரூட்டி வாயுவைத் தடுப்பது அங்கே அவர் பணி. பிற்காலத்தில் அமெரிக்காவில் ஆய்வாளரானபோது, அதே இனத்து வாயுவின் ஒரு மூலக்கூறு வெப்பத்தை மறிப்பதில் கரியமில வாயுவின் ஏறத்தாழ பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு ஈடு என்று 1975-இல் கண்டு சொன்னார். 1999-இல் இந்தியப் பெருங்கடலின் மேல் பன்னாட்டு ஆய்வை முன்னின்று நடத்தி, விறகடுப்பும் வாகனமும் உமிழும் கரித்துகள் வானில் பழுப்பு மேகமாய்ப் படர்ந்திருப்பதைக் காட்டினார். அந்த மேகத்தில் சில துகள் வெயிலைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கும். சில துகள் வெயிலைக் குடித்துச் சூடாக்கும். மீத்தேனும் உண்டு, நம் நெல்வயலும் மாட்டுத் தொழுவமும் அதில் பங்காளிகள். இவையெல்லாம் கூட்டிக் கழித்த பின்னும், இதுவரை ஏறிய வெப்பத்தில் தனிப்பெரும் பங்கு கரியமில வாயுவினுடையதே. நெடுங்காலம் தங்குவதும் அதுவே. கரித்துகள் சில நாள் மழையில் கழுவப்படும், மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அழியும்.

ராமநாதன் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் 2004-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைத் திருப்பீட அறிவியல் கழகத்தின் உறுப்பினராக்கினார். 2014-இல் வத்திக்கானில் நடந்த கருத்தரங்கின்போது, வண்டிகள் நிற்கும் இடத்தில் திருத்தந்தை பிரான்சிசிடம் பேச அவருக்குச் சில நிமிடங்களே கிடைத்தன. பெருந்தீங்கு செய்பவர் செல்வர், அதைச் சுமக்கப் போகிறவர் ஏழைகள் என்பதே அவர் சொன்னதன் சாரம். மறுஆண்டு ஜூனில் ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடல் வெளிவந்தது. அதிலும் கரியமில வாயு முதலான வாயுக்களின் பங்கு ‘பல அறிவியல் ஆய்வுகள் காட்டுவதன்படி’ என்ற அடக்கத்தோடுதான் கூறப்பட்டுள்ளது. திருச்சபை அறிவியல் வழக்குக்குத் தீர்ப்பெழுத வரவில்லை என்று அம்மடலே தெளிவாக்குகிறது. மறையுரை மேடையில் நமக்கு அந்த அடக்கம் இல்லாது போயிற்று.

ஆகவே ஈஸ்டர் முடிந்த ஒரு ஞாயிறு அதே மேடையில் நின்று நம் பேச்சைத் திருத்தினோம். குருமடத்தில் மெய்யியல் கற்றபோது காரணம் வேறு, காரணத்துக்குத் துணைபோவது வேறு என்று பக்கம் பக்கமாக எழுதித் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றவர்கள் நாம். இருந்தும் மறந்துவிட்டோம். ஃபெஞ்சலைக் கரியமில வாயு அனுப்பவில்லை. வங்கக் கடலில் புயல் என்றும் பிறந்திருக்கிறது. 1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயலை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடாகும்போது அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. வரும் புயல் வழக்கமான குடத்தோடு வராமல் பெரிய குடத்தோடு வருகிறது. அந்தக் கூடுதல் நீருக்குத்தான் நாம் கணக்குக் கேட்கலாம். நனைந்த மூட்டைகளோடு செஞ்சி விற்பனைக் கூடத்துக்குப் போனவர்களுக்கு அந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றாது. ஆசிரியர் முதல் வரிசையில் அமர்ந்து கேட்டார். வெளியே வந்து, “இப்போது சாட்சி சரியாயிருக்கிறது, சாமி” என்று மட்டும் சொன்னார்.

நெய்வேலிக்காரரின் தந்தையிடம் நாமே சென்றோம். அவர் மகன் புயலை அனுப்பவில்லை என்று சொல்வது எளிதாக இருந்தது. ஓர் இந்தியன் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயுவுக்குப் பொறுப்பு என்றால், ஓர் அமெரிக்கன் ஏறத்தாழ 14 டன்னுக்குப் பொறுப்பு. செஞ்சியில் நாலு ஏக்கரில் மணிலா போடும் குடும்பத்தின் பங்கு நம் சராசரியையும் எட்டாது. இதையெல்லாம் விளக்கினோம். பழுப்பு நிலக்கரியை எரிப்பது என்றோ ஒருநாள் நிற்க வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. 2070-க்குள் நிகர உமிழ்வை ஒன்றுமில்லாமல் ஆக்குவதாக நம் நாடு 2021-இல் உலகின் முன் வாக்களித்திருக்கிறது. 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல் நிலையம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. அதே நிறுவனம் இப்போது கதிரவனின் ஒளியிலிருந்தும் மின்சாரம் எடுக்கிறது.

முதியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த பேரனின் மேல் மொய்த்த ஈயைத் துண்டால் விரட்டிவிட்டுக் கேட்டார்:

“சரி சாமி. அந்தக் கண்ணாடிப் பலகைக்கு எத்தனை ஆள் வேணும்? சுரங்கத்துக்கு வேண்டிய அளவுக்கு வேணுமா?”

வேண்டாம் என்று நமக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்தே இருந்தது. அவர் மருமகள் கொண்டுவந்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லித் திரும்பினோம்.